கேற் அடித்த கையோடு வெல்டராகவே வெளிநாடு போக

கேள்வி: எனக்கு வயது 29. மானிப்பாய்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் 11 வருசமாக வேலை செய்கிறேன். கேற், கிறில், தண்ணீர்த் தாங்கி ஸ்ராண்ட், கூரை றஸ் எல்லாம் தனியாகச் செய்வேன். சாதாரண தரம் வரை படித்தேன். தொழிலுக்கென்று ஒரு சான்றிதழும் இல்லை. என்னோடு நின்ற ஒருவர் வெல்டர் என்று கட்டாருக்குப் போய், இரண்டு வருசம் பைப் சுமந்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது ஓர் ஏஜென்சிக்காரர் என்னிடம் ஆறு லட்சம் கேட்கிறார். டுபாய்க்கு விசிற் விசாவில் அனுப்பி, அங்கே வேலை விசா மாற்றித் தருவாராம். என் தொழிலிலேயே வெளிநாட்டில் வேலை எடுக்க வழி இருக்கிறதா? எந்த நாடு நல்லது?

பதில்:

தம்பி, முதலில் அந்த ஆறு லட்சம். கொடுக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிற் விசாவில் நின்று வேலை செய்வது சட்டத்துக்கு முரண். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். பிடிபடாவிட்டாலும் வேலை தந்தவர் சம்பளம் தராதபோது நீங்கள் முறையிடப் போக இடமில்லை, ஏனென்றால் கடதாசியில் நீங்கள் தொழிலாளியே இல்லை. அந்த நாட்டுத் தொழிற்சட்டம் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கேயும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவும் அதோடு வரும் காப்புறுதியும் வேலை விசாவோடும் ஒப்பந்தத்தோடும் போகிறவருக்குத்தான்.

அடுத்தது உங்கள் நண்பரின் கதை. வெல்டர் என்று போனவர் ஹெல்பர் ஆவதற்கு வழக்கமாக இரண்டு காரணம். ஒன்று, விசாவிலேயே தொழிற்பெயர் 'லேபர்' என்றோ 'ஹெல்பர்' என்றோ இருந்திருக்கும், ஏஜென்சி வாயால் மட்டும் 'வெல்டர்' என்று சொல்லியிருக்கும். மற்றது, போய் இறங்கிய கிழமையே கம்பனி வைக்கும் பரீட்சையில் தவறியிருப்பார். இதை ஊருக்கு வந்து யாரும் சொல்வதில்லை. பத்து வருசம் தொழில் செய்தவர் அங்கே ஒரு பைப் துண்டில் தவறினேன் என்று எப்படிச் சொல்வார்? ஆனால் நடப்பது பெரும்பாலும் அதுதான். ரிக்கற்றுக்கும் விசாவுக்கும் காசு செலவழித்த கம்பனி ஆளைத் திருப்பி அனுப்பாமல் ஹெல்பராக வைத்துக்கொள்ளும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பட்டறைகளில் செய்வதும் அங்கே கேட்பதும் வேறுவேறு வேலை. கேற்றுக்கு நாம் 6013 வகை றொட்டில் (உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி) மெல்லிய பொக்ஸ் பாரை ஒரு பக்கத்தால் ஒட்டி, கிறைண்டரால் தேய்த்து, பெயின்ற் அடிக்கிறோம். ஒட்டின் உட்பக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அங்கே முதலில் பார்ப்பதே உட்பக்கத்தைத்தான். பைப்பின் உள்ளே வெளிச்சம் அடித்து, அடி ஒட்டு (அவர்கள் 'றூட்' என்பது) ஒரே சீராக ஊடுருவி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எக்ஸ்றே எடுப்பார்கள், அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வெடிப்போ, உருகிச் சேராத இடமோ, ஊடுருவாத இடமோ எக்ஸ்றேயில் தெரிந்தால் அளவு பார்க்காமலே தவறல்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வழி இருக்கிறது, ஆனால் ஆறு மாதம் இங்கேயே செலவழிக்க வேண்டும். அந்த ஆறு லட்சத்தில் சிறு பங்கு போதும்.

எந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்படுவது என்பதை முதலில் முடிவெடுங்கள். வெல்டர் வேலை என்பது ஒன்றல்ல. தகட்டில் நிலைக்குத்தாக மேல்நோக்கி ஒட்டுவது 3ஜி, தலைக்கு மேலே ஒட்டுவது 4ஜி. இந்த இரண்டும் செய்பவர் 'ஸ்ரக்சரல் வெல்டர்'. கட்டட உருக்குச் சட்டங்கள், பாலம், தாங்கிகளின் சட்டகம் எல்லாம் அவர் வேலை. 45 பாகை சரிவில் அசையாமல் பொருத்திய பைப்பைச் சுற்றி ஒட்டுவது 6ஜி. எண்ணெய் சுத்திகரிப்பு, எரிவாயு, மின் நிலையம் எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள், சம்பளமும் அதற்குத்தான் கூட. எல்லோரும் 6ஜி என்றுதான் கனவு காண்கிறார்கள். நீங்கள் முதலில் 3ஜி, 4ஜிக்குப் போங்கள். பதினொரு வருசக் கை உள்ளவருக்கு மூன்று மாத ஒழுங்கான பயிற்சியில் அது வசப்படும். 6ஜியை இரண்டாவது படியாக வையுங்கள். 6ஜி தெரியும் என்று சொல்லிப் போய்த் தவறுவதைவிட, 3ஜி, 4ஜி வெல்டராகப் போய் அங்கேயே பைப்புக்கு மாறுவது நிச்சயமான வழி.

பயிற்சியில் முதல் மாற வேண்டியது றொட். 6013ஐ விட்டு 7018 வகை றொட்டுக்கு வாருங்கள். பழகாத கைக்கு இது கொஞ்ச நாள் கோபம் வரவைக்கும். 6013இல் நாம் கையை முன்னும் பின்னும் ஆட்டி, வில்லை (றொட் நுனிக்கும் இரும்புக்கும் இடையில் எரியும் மின்பொறியை) நீட்டிக் குறைத்து ஒட்டுவோம், அது பொறுத்துக்கொள்ளும். 7018 பொறுக்காது. வில் நீண்டால் காற்று உள்ளே போய் ஊசித் துவாரம் விழும். றொட்டின் நுனி உருகிய குளத்தைக் கிட்டத்தட்டத் தொட்டபடி, ஆட்டாமல் இழுக்க வேண்டும். தொடங்கும் இடத்தில்தான் துவாரம் அதிகம் விழும். அதனால் ஒட்ட வேண்டிய புள்ளிக்கு ஒரு விரலளவு முன்னால் வில்லைப் பற்றவைத்து, பின்னுக்கு வந்து, அந்த இடத்தின் மேலாலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். மெசினில் றொட்டைப் பொசிற்றிவ் முனையில் பூட்டுங்கள். 2.5 மில்லிமீற்றர் றொட்டுக்கு 75 முதல் 90 அம்பியர், 3.2க்கு 100 முதல் 120 என்று தொடங்கி உங்கள் மெசினுக்கு ஏற்ப மாற்றுங்கள். பழைய ரான்ஸ்போமர் மெசினில் 7018 அடிக்கடி ஒட்டிப்பிடித்து அணைந்தால் குறை உங்கள் கையில் இல்லை, மெசினின் வோல்ற் போதாது. நேர் மின்னோட்டம் தரும் இன்வேட்டர் ஒன்றில் பழகுங்கள்.

7018 ஈரம் பிடித்தால் பிரயோசனமில்லை. அதன் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தின் ஐதரசன் ஒட்டுக்குள் போனால் ஆறிய பிறகு, சிலவேளை அடுத்த நாள், வெடிப்பு வரும். கடல் காற்றுள்ள நம் ஊரில் பக்கற் உடைத்து இரண்டு நாள் வெளியில் கிடந்த றொட்டை நம்ப முடியாது. பல பட்டறைகளில் றொட்டைக் கூரைத் தகட்டில் வெயிலில் காயப்போடுகிறார்கள். 6013க்கு அது சரி. 7018க்கு 300 முதல் 350 பாகை செல்சியசில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வேக வேண்டும், சரியான அளவு பக்கற்றிலேயே அச்சிட்டிருக்கும். றொட் வேகவைக்கும் மின்னடுப்பு இல்லாவிட்டால் சிறிய பக்கற்றாக வாங்கி, உடைத்த அன்றே முடியுங்கள். நேர்முகத்தில் இதைக் கேட்பார்கள்: 'எத்தனை பாகையில் காயவைப்பாய்?' இலக்கம் சொல்லத் தெரியாதவர் 7018 பிடித்ததில்லை என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

தகட்டுக்கு 10 மில்லிமீற்றர் பிளாற் பார் போதும். முதல் இரண்டு கிழமை கீழே கிடத்தி, பிறகு கிடையாக, பிறகு 3ஜி, கடைசியில் 4ஜி. ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம், ஒரே நிலை. ஒருநாளில் எல்லா நிலையும் அடித்துப் பார்ப்பவருக்கு எதுவும் கைக்கு வராது.

பைப்புக்கு வரும்போது 6 அங்குல, ஷெடியூல் 80 (சுவர்த் தடிப்பின் வகை) பைப் எடுங்கள். வெளிவிட்டம் 168.3, சுவர் 10.97 மில்லிமீற்றர். கம்பனிகள் அதிகம் கொடுப்பது இதுதான். புதிதாக 6 மீற்றர் நீளம் வாங்கினால் 250 கிலோவுக்கு மேல் நிறை, விலை தாங்காது. பழைய இரும்புக் கடைகளில் துண்டாகத் தேடுங்கள். ஒரு மீற்றர் துண்டு கிடைத்தால் 150 மில்லிமீற்றர் வளையம் ஆறு வரும், அது மூன்று சோடி. ஒட்டியதை வெட்டி எறியாமல், ஒட்டை மட்டும் அறுத்து எடுத்து ஓரத்தைத் திரும்பவும் சரித்தால் ஒரே சோடியை மூன்று நாலு தரம் பாவிக்கலாம். நாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் பழக வேண்டாம். ஒட்டும் கெடும், புகையால் இரவில் காய்ச்சலும் வரும்.

ஓரம் ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 37½ பாகை சரிவு. நுனியில் 1 முதல் 1.5 மில்லிமீற்றர் தட்டை. இடைவெளி 2.5 முதல் 3. நாலு இடத்தில் 15 முதல் 20 மில்லிமீற்றர் நீளத்துக்குப் புள்ளி ஒட்டு. அந்தப் புள்ளி ஒட்டுகளின் இரண்டு முனையையும் கிறைண்டரால் மெலிதாகச் சரித்துவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். தடித்த முனையில் றூட் வந்து சேரும்போது உருகாமல் மேலால் ஏறிவிடும், உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு பள்ளம்.

றூட் பெரும்பாலும் ஆகன் வாயுவில் ஒட்டும் ரிக் முறை. 2.4 மில்லிமீற்றர் 70எஸ்-6 கம்பி, 90 முதல் 110 அம்பியர், ரோச் நெகற்றிவ், ஆகன் நிமிடத்துக்கு 8 முதல் 12 லீற்றர். உங்கள் இன்வேட்டரிலேயே ரோச்சும் ஆகன் மீற்றரும் பூட்டி, தொட்டு எடுக்கும் முறையில் தொடங்கலாம். ரோச்சிலுள்ள தங்ஸ்ரன் கம்பியின் நுனி உருகிய குளத்தில் பட்டுவிட்டால் நிறுத்தி நுனியைத் தீட்டுங்கள். பட்ட இடத்தையும் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துணுக்கு எக்ஸ்றேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சோளகம் அடிக்கும் மாதங்களில் திறந்த பட்டறையில் ரிக் பழகாதீர்கள். காற்று ஆகனை அள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டு தேன்கூடு போல் ஆகும். தகரம் அடைத்த மூலை ஒன்று வேண்டும். வாயுவை 20 லீற்றருக்குக் கூட்டினால் சரி என்று நினைக்க வேண்டாம், அது சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு வரும்.

பைப்பை மணிக்கூட்டு முகமாக நினையுங்கள். ஆறு மணியில் தொடங்கி ஒரு பக்கமாகப் பன்னிரண்டுக்கு ஏறி, மற்றப் பக்கத்தாலும் அப்படியே ஏற வேண்டும். ஆறு மணியில் உருகிய உலோகம் தன் பாரத்தால் வெளிப்பக்கம் தொங்கும், அதனால் உட்பக்கம் குழியும். இதற்கு மருந்து அம்பியரைக் கொஞ்சம் குறைத்து, கம்பியின் நுனியை இடைவெளிக்கூடாக மேலே தள்ளி, உள் விளிம்பில் உருகவிடுவது. ஏறும்போது இன்னொரு சிக்கல்: பைப் சரிந்திருப்பதால் குளம் எப்போதும் கீழ் விளிம்புப் பக்கம் வழியும். ஒட்டின் கோட்டுக்கு நேராகப் பிடிக்காமல், குளம் தரைக்கு மட்டமாக நிற்கும்படி பிடியுங்கள். மேல் விளிம்பில் ஒரு கணம் கூடத் தங்குங்கள். 6ஜியில் கை பழகுவது என்றால் பெரும்பாலும் இந்த ஒரு விசயம்தான். அதன் மேல் 7018இல் நிரப்பி மூடி எடுக்க ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய இருபது றொட் போகும்.

பரீட்சகர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே பரீட்சியுங்கள். ஒட்டுக்குக் குறுக்காக 38 மில்லிமீற்றர் அகலத்தில் நாலு பட்டி அறுத்து, மேலும் கீழும் ஒட்டின் மேட்டைத் தேய்த்து மட்டமாக்குங்கள். 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை இரும்பு ஒன்றை லொறி ஜாக்கியால் அழுத்தி, பட்டியை யு வடிவத்துக்கு வளையுங்கள். இரண்டு பட்டியில் றூட் வெளிப்பக்கம், இரண்டில் மேல் ஒட்டு வெளிப்பக்கம். வளைந்த முதுகில் 3 மில்லிமீற்றருக்கு மேல் திறந்த வாய் ஒன்று தெரிந்தால் தவறல். இது ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம்) விதிக்கோவையின் ஒன்பதாம் பிரிவின் அளவு, வளைகுடாக் கம்பனிகள் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான். திறந்த இடம் எந்த மணியில் இருந்தது என்று சோக்கால் குறித்து வையுங்கள். பத்து வளையத்துக்குப் பிறகு உங்கள் பிழை எப்போதும் ஒரே இடத்தில் வருவது தெரியும். அதைத் திருத்தினால் போதும்.

இனிக் கடதாசி. உங்களுக்கு வேண்டியது என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) நாலாம் மட்டம், குறைந்தது மூன்றாவது. வகுப்புக்குப் போகாமலே எடுக்கலாம். முன்கற்றலை ஏற்கும் முறை என்று ஒன்று இருக்கிறது: நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் யாழ் அலுவலகத்தில் விண்ணப்பித்து, நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் முன்னால் செய்து காட்டச் சொல்வார்கள். ஆதாரம் என்றால் பட்டறையின் வியாபாரப் பதிவு இலக்கத்தோடு சேவைக் கடிதம், செய்த வேலைகளின் படம், பில். வேலை முடிந்த படம் மட்டும் போதாது, நீங்கள் முகமூடியோடு நின்று ஒட்டும் படமும் வேண்டும். கை இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்தின் வெல்டிங் குறுங்கால வகுப்பு நல்லது. நம் பக்கத்தில் யாழ் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் இந்தத் தவணை வெல்டிங் வகுப்பு தொடங்குகிறதா என்று கேளுங்கள்.

என்.வி.கியூ. விண்ணப்பத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துப்படி, ஓரெழுத்தும் மாறாமல் எழுதுங்கள். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒன்று, அடையாள அட்டையில் முன்னெழுத்தோடு ஒன்று, பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக ஒன்று என்று மூன்று பெயர் இருக்கும். ழகரம், ணகரம் வரும் பெயரை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்றால் விசாக் கோவை அப்படியே திரும்பி வரும். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் முதலில் அதை எடுத்துவிட்டு அதன்படி மற்றதை எழுதுவிப்பது வில்லங்கமில்லாதது. சான்றிதழ்களை வெளிநாட்டமைச்சு உறுதிப்படுத்தித் தர கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ் மாவட்டச் செயலக வளவிலேயே கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: என்.வி.கியூ. உங்களைப் பரீட்சை மேசை வரைக்கும் கொண்டுபோகும், பரீட்சையிலிருந்து விலக்காது. ஏஎஸ்எம்இ முறையில் வெல்டரைத் தகுதிப்படுத்துவது வேலை தரும் கம்பனியின் பொறுப்பு. அதனால் ஒரு கம்பனியில் 6ஜி சித்தியடைந்த கடதாசி இருந்தாலும் அடுத்த கம்பனி திரும்பவும் சோதிக்கும். ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாமல் இருந்தால் தகுதி காலாவதியாகும். ஐரோப்பாவில் கேட்கும் ஐஎஸ்ஓ 9606 வெல்டர் சான்றிதழையும் ஆறு மாதத்துக்கொரு தரம் பொறுப்பாளர் கையெழுத்திட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆகவே 'காசு தந்தால் 6ஜி சேட்டிபிக்கற் எடுத்துத் தருகிறேன்' என்று கொழும்பில் யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழ்தான் உங்கள் நண்பரைப் போன்றவர்களைப் பைப் சுமக்க வைப்பது.

சுயவிபரம் ஒரு பக்கம். 'நன்றாக வெல்டிங் தெரியும், கடின உழைப்பாளி' என்ற வசனங்களை ஒருவரும் வாசிப்பதில்லை. எந்த முறை (றொட், ரிக், மிக்), எந்த நிலை (3ஜி, 4ஜி), என்ன உலோகம், எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, எந்த றொட், எத்தனை வருசம். இவ்வளவும் ஒரு சின்ன அட்டவணையில். அதோடு போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ: முகம் தெரியத் தொடங்கி, வெட்டாமல், ஒட்டி முடித்து, உட்பக்கத்து றூட்டைக் காட்டுவது வரைக்கும். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒட்டு முறை எழுதிய கடதாசியை (டபிள்யூ.பி.எஸ். என்பார்கள்) பார்த்ததும் றொட், அம்பியர், நிலை, முனைவு (பொசிற்றிவா நெகற்றிவா) நாலையும் விரலால் தொட்டுக் காட்டத் தெரிய வேண்டும்.

இடையில் ஆறு மாதமாவது உருக்குக் கட்டடமோ தாங்கியோ பைப் வேலையோ செய்யும் ஓர் இலங்கைக் கம்பனியில் நிற்க முடிந்தால் நில்லுங்கள், சம்பளம் உங்கள் பட்டறையைவிடக் குறைந்தாலும். நேர்முகத்தில் 'கேற் வேலை 11 வருசம்' என்பதைவிட அந்த ஆறு மாதம் கனம் கூடியது. மிக், பிளக்ஸ் கோர் (கம்பி தானாக ஓடிவரும்) மெசின்களும் அங்கேதான் கைக்குப் படும், வளைகுடாவின் பெரிய பட்டறைகளில் றொட்டைவிட அவைதான் அதிகம் ஓடுகின்றன.

எந்த நாடு என்றால், உங்கள் நிலைக்கு முதலில் கட்டார், சவூதி, அமீரகம். சவூதி போகும் வெல்டர்களுக்குத் திறன் சரிபார்ப்புப் பரீட்சை ஒன்று உண்டு, கணினியில் ஒரு பகுதி, செய்முறை ஒரு பகுதி. தொல்லை போலத் தெரிந்தாலும் உங்களுக்கு அது நல்லது: சித்தியடைந்து வெல்டர் என்ற தொழிற்பெயரில் போகிறவரை ஹெல்பர் என்று சொல்வது கடினம். கட்டாருக்கு என்றால் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவமும் கைரேகையும் எடுத்து, ஒப்பந்தத்தையும் அங்கேயே காட்டிக் கையொப்பம் வாங்குகிறார்கள். திரையில் தொழிற்பெயரும் அடிப்படைச் சம்பளமும் வரும். ஏஜென்சி சொன்னதோடு ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலேயே மறுக்கலாம். பின்னுக்கு வரிசை நிற்கிறது என்று அவசரப்பட வேண்டாம்.

ருமேனியாவில் வெல்டர் வேலை உண்மையாகவே உண்டு. முதலில் வேலை தருபவர் உங்கள் பெயருக்கு வேலை அனுமதி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விசா. அனுமதிக் கடதாசியைக் காட்டாமல் முற்பணம் கேட்பவரிடம் நிற்காதீர்கள். அங்கே இறங்கி பிரான்சுக்கோ இத்தாலிக்கோ பாய்ந்துவிடலாம் என்று சொந்தக்காரர் சொல்லக்கூடும். அப்படிப் பாய்ந்தவருக்கு வேலை அனுமதி இருக்காது, வெல்டிங் கம்பனி ஒன்றும் எடுக்காது. உங்கள் கேள்வி 'என் தொழிலிலேயே' என்பது. அதற்கு அந்த வழி உதவாது. கொரியாவுக்கு ஆள் அனுப்பும் இ.பி.எஸ். முறை பணியகத்தின் ஊடாக மட்டும், 18 முதல் 39 வயது, கொரிய மொழிப் பரீட்சை. ஏஜென்சிக்கு அதில் இடமே இல்லை. ஆனால் தொழிற்சாலையில் எந்த மெசினில் நிற்பீர்கள் என்பது அங்கேதான் தெரியும். ஜப்பானில் குறித்த திறனாளர் விசாவில் வெல்டிங்கும் உண்டு. மொழியில் என்-4 மட்டமும் திறன் பரீட்சையும் வேண்டும். 29 வயதில் ஒரு வருசம் மொழிக்கு ஒதுக்க வீட்டு நிலைமை இடம் தந்தால் நான் ஜப்பானைத்தான் சொல்வேன்.

ஏஜென்சியைச் சோதிக்க மூன்று கேள்வி. பணியகத்தின் அனுமதி இலக்கம் என்ன, இன்றைக்குச் செல்லுபடியா? இந்தக் கம்பனிக்கு, இந்தத் தொழிற்பெயரில், இத்தனை ஆட்கள் என்று பணியகம் அனுமதித்த வேலைக் கட்டளை எங்கே? அந்த வேலைக்கு வாங்க அனுமதித்த தொகை எவ்வளவு? மூன்றையும் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்தோ, உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடமோ சரிபார்க்கலாம். அனுமதி பெற்ற ஏஜென்சியின் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வரும் இடைத்தரகரிடம் காசோ கடவுச்சீட்டோ கொடுக்கக் கூடாது. காசு அலுவலகத்தில், பற்றுச்சீட்டோடு.

ஒப்பந்தத்தில் முதலில் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். மொத்தம் 2,000 கட்டார் றியால் என்பார்கள். அதில் அடிப்படை 1,000, மிச்சம் 'அலவன்ஸ்' என்று பிரித்திருப்பார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவும் வேலை முடிந்து வரும்போது தரும் பணிக்கொடையும் அடிப்படையில்தான் கணக்கு. கட்டாரில் மேலதிக நேரம் அடிப்படையின் ஒன்றேகால் மடங்கு. அடிப்படை 1,000 என்றால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 5.20 றியால் வரும், 2,000 என்றால் 10.40. நாளுக்கு இரண்டு மணி கூட நின்றால் மாசக் கடைசியில் வித்தியாசம் என்ன என்று நீங்களே பாருங்கள். 1,000 றியால் என்பது 2021 மார்ச்சில் அங்கே எல்லாத் தொழிலாளிக்கும் வைத்த ஆகக் குறைந்த அடிப்படை, தங்குமிடமும் சாப்பாடும் கம்பனி தராவிட்டால் அதற்கு மேல் 500ம் 300ம். ஒரு வெல்டருக்கு அந்த ஆகக் குறைந்ததையே எழுதியிருந்தால் உங்களை எந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

யாருக்கும் ஒரு சதம் கட்ட முன்னம் உங்கள் சொந்தச் செலவில் நெஞ்சு எக்ஸ்றேயும் இரத்தத்தில் ஈரல் அழற்சி பி, சி பரிசோதனையும் செய்யுங்கள். வளைகுடா மருத்துவத்தில் எப்போதோ வந்து மாறிய காசநோயின் தழும்பு தெரிந்தாலே தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். ஏஜென்சிக்குக் கட்டிய காசு அதற்குப் பிறகு திரும்பி வருவது பெரும்பாடு.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டறை முதலாளியிடம் சேவைக் கடிதத்தைக் கேளுங்கள். எந்த வருசம் எந்த மாதம் சேர்ந்தீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தடிப்பு, எந்த மெசின் என்று அவர் கையாலேயே எழுதி, முத்திரை குத்தித் தரட்டும். போவதாகச் சொன்னால் முகம் கோணுவார் என்று தயங்கி, கடைசி நேரத்தில் யாரோ ஒருவரின் கடிதத்தாளில் அடித்துக்கொண்டு வருபவர்கள் பலர். மதிப்பீட்டாளர் கடிதத்திலுள்ள இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்பார். இரண்டு சோடி வளையத்தை அவர் பட்டறையிலேயே மாலையில் ஒட்டிப் பழகவும் அனுமதி கேளுங்கள். றொட்டும் ஆகனும் உங்கள் செலவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.